ஜப்பான்காரியின் மூன்று பாட்டும் என் பிழையான விமர்சனமும்

என் பெயர் போட்டு அச்சில் வந்த ஒரே இசை விமர்சனம் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் தப்பு. அதைத் திருத்துவதற்கு நான் பட்ட பாட்டைச் சொன்னால், யாரோ ஒரு ஜப்பான்காரியின் மூன்று பாட்டுக்கு இவ்வளவா என்று கேட்கிறார்கள். ஒரு தப்பைச் சொல்லிவிட்டு, அதை வாபஸ் வாங்க ஒருத்தரும் விடமாட்டேன் என்கிறபோது வருகிற எரிச்சல் வேறு ரகம். அது பட்டவனுக்குத்தான் தெரியும்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தாறு வயது. வீடு பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவில். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன், அவர் ஏரியில் இறால் வலை போடுகிறவர். நான் திருப்பாலைவனத்தில் ஆரம்பப் பள்ளி வாத்தியார். ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கும் மற்ற வகுப்புகளுக்குக் கையில் கிடைத்த பாடமும் எடுப்பேன். பாட்டுப் பைத்தியம் ரேடியோவால் வந்தது. கச்சேரி கேட்டு ராகம் சொல்ல நானே பழகிக்கொண்டேன். பாதி தடவை சரியாக இருக்கும். மெட்ராஸில் ஒருவர் நடத்திய சின்ன இசை மாத இதழுக்கு ஓயாமல் கடிதம் எழுதுவேன். பத்து எழுதினால் ஒன்று வரும். வந்த ஒன்றிலும் நான் எழுதியதில் பாதியை வெட்டியிருப்பார்கள்.

என் மாமன் மகன் அப்போது சரக்குக் கப்பலில் வேலையாக இருந்தான். ஜப்பானுக்குப் போகிறேன், உனக்கு என்ன வேண்டும் என்று எழுதிக் கேட்டான். டேப்ரிக்கார்டர் என்று எழுதினேன். ஆறு மாதம் கழித்து வந்தவன் பையிலிருந்து மூன்று சின்ன ரிக்கார்டுகளை எடுத்து நீட்டினான். ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது. பளபளப்பான உறை. மூன்றிலும் ஒரே பெண். முன்நெற்றி முடியை நேராக வெட்டி, வெள்ளை கவுன் போட்டு, கறுப்புப் பியானோவில் முழங்கையை ஊன்றிக்கொண்டிருந்தாள்.

"மச்சான், டேப்ரிக்கார்டர் கேட்டேனேடா" என்றேன்.

"டேப்ரிக்கார்டர் எல்லாருந்தான் வெச்சிருக்கான். இத்த கேளு. பழைய காலத்து வெள்ளைக்காரன் சங்கீதமாம். அதுல இவ ஜப்பான் பாட்ட ஏத்திக்கிறாளாம். கடைக்காரப் பொண்ணு சொல்லிச்சு."

அவன் சொன்னது உண்மைதான். இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பிய சாஸ்திரிய மெட்டுகளை எடுத்து, ஜப்பான் வார்த்தை போட்டு, சினிமாப் பாட்டு அளவுக்குச் சுருக்கி அவள் பாடியிருந்தாள். அங்கே கல்லூரிப் பிள்ளைகள் அதற்குப் பைத்தியமாக இருந்தார்களாம். இதையெல்லாம் நான் இதழாசிரியருக்கு ஒரு இன்லேண்டு லெட்டரில் எழுதிவிட்டேன். எழுதாமல் இருந்திருக்கலாம். அடுத்த வாரமே பதில் வந்தது. மூன்று ரிக்கார்டுக்கும் விமர்சனம் வேண்டும், மூன்று பக்கம் ஒதுக்குகிறேன், மாதக் கடைசிக்குள் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். அதுவரை அவர் எனக்கு மூன்று வரிக்கு மேல் ஒதுக்கியதில்லை.

என்னிடம் பாட்டு இருந்தது, பத்திரிகை இருந்தது. ரிக்கார்டு பிளேயர்தான் இல்லை.

பழவேற்காடு முழுக்க விசாரித்தேன். வெளிநாட்டில் ஆள் இருந்த வீடுகளில் எல்லாம் கேசட் போடுகிற பெட்டிதான். கடைசியில் பஜாரில் மைக்செட் வைத்திருந்த பாய்தான் கதி என்று ஆனது. நாற்பது வயதுக்காரர், தாட்டியான ஆள். கல்யாணம், காதுகுத்து, அம்மன் திருவிழா, தேர்தல் எதுவானாலும் அவர் பிளேயரும் இரண்டு குழாய் ஸ்பீக்கரும்தான் போகும். அது ஆனி மாதம். நான் சைக்கிளில் போன மூன்று நாளும் கடை பூட்டியிருந்தது. ஒருநாள் ஏரிக்கு அக்கரையில் கல்யாணம், மறுநாள் பொன்னேரியில், மூன்றாம் நாள் எங்கே என்று பக்கத்துக் கடைக்காரருக்கும் தெரியவில்லை. நாலாம் நாள் ஆளைப் பிடித்தேன்.

அவர் உறையிலிருந்து ரிக்கார்டை எடுத்தார், வெளிச்சத்தில் பிடித்தார், அதன் நடுவில் இருந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார்.

"வாத்தியாரே, இன்னா இது? ஓட்ட இம்மாம் பெர்சா கீது?"

நம் ஊர் ரிக்கார்டில் நடு ஓட்டை பென்சில் நுழைகிற அளவுதான் இருக்கும். பிளேயரின் தண்டும் அதே அளவு. இந்த ஜப்பான் ரிக்கார்டில் எட்டணாக் காசை வைத்தாலும் இடம் மிச்சமிருந்தது. தண்டில் மாட்டினால் தட்டில் வழுக்கி ஒரு பக்கமாக ஓடியது. நடுவில் அடைக்க ஒரு வில்லை வேண்டும். ஜப்பானில் அது பிளாஸ்டிக்கில் கிடைக்கும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். பாய் ரிக்கார்டை உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். இதற்கு அவர் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். ஆனால் மறுநாள் மத்தியானம் வரைக்கும் மிஷின் கடையில் இருக்கும், அதற்கப்புறம் பத்து நாள் வெளியூர் என்றும் சொன்னார். மாதம் முடிய பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

மறுநாள் காலையில் நைனாவிடம் போனேன். அன்று எங்கள் ஆட்களுக்குப் பாடு. ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டலாம் என்று ஊரில் முறை வைத்திருப்பார்கள். அந்த முறை வருகிற நாளைத்தான் பாடு என்பது. அதைத் தவறவிட்டால் அடுத்த முறை வரைக்கும் காத்திருக்க வேண்டும். நைனா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். வலை மிதவைக்காக அவர் வாங்கி வைத்திருந்த தடித்த ரப்பரில் ஒரு துண்டு கேட்டேன்.

"இன்னாத்துக்கு?"

"ரிக்காடு நடுவுல வெக்கணும் நைனா. ரவுண்டா அறுத்து, நடுவுல சின்னதா ஒரு ஓட்ட போட்டுக் குடு."

"படகு நிக்கிது. நீயே அறுத்துக்கக் கூடாதா?"

என் கைக்கு அது வராது என்று இருவருக்கும் தெரியும். அவர் வலையை இறக்கினார். கத்தியால் சுற்றிவர அறுத்தார், ரிக்கார்டில் பொருத்திப் பார்த்தார், ஓரம் செதுக்கினார், கச்சிதமாக உட்கார்ந்தது. பிறகு கண்ணாலேயே நடுவைப் பார்த்து, காய்ச்சிய ஆணியால் ஒரு குத்து. கரையிலிருந்து கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். வில்லையை என் கையில் போட்டுவிட்டு ஓடினார்.

நடு சரிதானா என்று நான் அளந்து பார்க்கவில்லை. என் பையில் ஸ்கேலும் காம்பஸும் இருந்தன. வட்டத்தின் மையம் கண்டுபிடிப்பது எப்படி என்று முந்தின வாரம்தான் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருந்தேன். இதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல்தான் ஆத்திரம் வருகிறது, நைனாமேல் இல்லை.

பாய் கடையில் ரிக்கார்டு தட்டில் உட்கார்ந்தது. முள்ளை வைத்தார். அவரிடம் வீட்டில் வைக்கிற மாதிரி சின்ன ஸ்பீக்கர் கிடையாது. இருந்தது கடை வாசலில் மூங்கிலில் கட்டிய குழாய்தான். ஆகவே என் ஜப்பான்காரி பழவேற்காடு பஜார் முழுவதற்கும் பாடினாள். முதலில் பியானோ, பிறகு அவள் குரல். ஒவ்வொரு ஸ்வரமும் மெல்ல ஏறி இறங்கியது. காற்றில்லாத நாளில் நங்கூரம் போட்ட படகு அசையுமே, அந்த அசைவு. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மீன் கூடையோடு போன ஒரு அம்மாள் நின்று, பாயைப் பார்த்து, எந்த வீட்டில் சாவு என்று விசாரித்தாள். டீக்கடையிலிருந்து, இதை நிறுத்திவிட்டு ஒரு சினிமாப் பாட்டு போடு என்று குரல் வந்தது. பாய் பிளேயரையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் பொருத்திய கை உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது.

"கை ஆடுது வாத்தியாரே" என்றார்.

"இருக்கட்டும் பாய். பாட்ட கேக்கணும்."

அவர் இருபது வருஷமாக ரிக்கார்டு போடுகிறவர். நான் அன்றுதான் ஒரு பிளேயரைக் கிட்டத்தில் பார்க்கிறேன். அவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை.

மூன்று ரிக்கார்டையும் இரண்டிரண்டு தடவை கேட்டேன். மூன்றாவது தடவைக்கு மின்சாரம் போய்விட்டது. ஒரு மணிவரை காத்திருந்தோம். வரவில்லை. பாய் மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு வெளியூர் போய்விட்டார்.

எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. பாஷை தெரியாது. மெட்டுகள் யாருடையவை என்று உறையில் போட்டிருந்தும் எழுத்து படிக்கத் தெரியாது. முதல் பாட்டின் ஸ்வரங்கள் சங்கராபரணத்தில் நிற்பது போலிருந்தது, இரண்டாவது கீரவாணிக்குக் கிட்டத்தில். இதை எழுத ஒரு பாரா போதும். மூன்று பக்கத்துக்கு என்ன செய்வது? ஒரு வாரம் எழுதி எழுதிக் கிழித்தேன். பள்ளியில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும்போதும் மனசு அந்த அசைவிலேயே இருந்தது. கடைசியில் அதையே பிடித்துக்கொண்டேன்.

நான் எழுதியதன் சாரம் இது: ஐரோப்பிய இசை ஸ்வரத்தை ஆணி அடித்தது போல அசையாமல் நிறுத்துகிறது. நம் இசை ஸ்வரத்தைக் கமகத்தால் அசைக்கிறது. இந்த ஜப்பான்காரி ஐரோப்பிய மெட்டை எடுத்து, ஆசியாவின் கமகத்தை அதற்குள் வைத்துவிட்டாள். குரலில் மட்டுமல்ல, பியானோவிலும். கீழ்த்திசை தன்னை அறியாமல் மேற்கைத் திருத்தியிருக்கிறது. அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதிவிட்டு எனக்கு நானே தலையாட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

பியானோ என்பதை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

இதழாசிரியர் ஒரு வரிகூட வெட்டாமல் போட்டார். முதல் பக்கத்திலேயே, பெரிய எழுத்தில். எங்கள் பள்ளித் தலைமை ஆசிரியர் அதை வாங்கிப் படித்துவிட்டு, தனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் நன்றாக இருக்கிறது என்றார். நைனாவுக்குப் படிக்கத் தெரியாது. என் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டு அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

மூன்று வாரம் கழித்து இதழ் விலாசம் வழியாக ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பெரம்பூரில் பியானோ சொல்லிக்கொடுக்கிற ஒரு பெண்மணி. இரண்டே வரி. பியானோவில் கமகம் வருமென்றால் நான் இருபது வருஷமாக வாசிப்பது என்ன? ரிக்கார்டுகளை எடுத்துக்கொண்டு வர முடியுமா?

கோபத்தோடு கிளம்பினேன். அவருக்கு நம் சங்கீதம் தெரியாது, அதனால் காது கேட்கவில்லை என்று வழியெல்லாம் வாதம் தயார் செய்தேன். பொன்னேரியில் ஏறிய ரயில் அடுத்த ஸ்டேஷனான அனுப்பம்பட்டில் முக்கால் மணி நேரம் நின்றது. வெயிலில் ரிக்கார்டு வளைந்துவிடுமோ என்று அவற்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாதம் இன்னும் கூர்மையானது.

அந்தம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கவுன் போட்டிருந்தார். என்னை உட்காரச் சொல்லாமலே பியானோவைத் திறந்து ஒரு கட்டையை அழுத்தினார். டங் என்று ஒரு ஸ்வரம் வந்தது. விரலை எடுக்காமல் வைத்திருந்தார். அது தேய்ந்து அடங்கும் வரை நேராக இருந்தது.

"இத அசைச்சுக் காட்டுங்க, மிஸ்டர்" என்றார்.

நானும் அழுத்தினேன். இடதுபக்கம் தள்ளினேன், வலதுபக்கம் தள்ளினேன். ஸ்வரம் அசையவில்லை. உள்ளே ஒரு சுத்தி தந்தியை அடித்துவிட்டு விலகிக்கொள்கிறது, அடித்தபிறகு அதை யாரும் தொட முடியாது என்று மூடியைத் தூக்கிக் காட்டினார்.

பிறகு ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் வில்லையை எடுத்து ரிக்கார்டின் ஓட்டையில் பொருத்தி, தன் பிளேயரில் வைத்தார். அதே பியானோ, அதே குரல். அசைவு இல்லை. ஒரு ஸ்வரத்தில்கூட இல்லை. தகடு போல நேராக இருந்தது. முள் பொருத்திய கை சாதுவாக உள்ளே நகர்ந்துகொண்டே போனது. நான் என் பையிலிருந்து ரப்பர் வில்லையை எடுத்துக் கொடுத்தேன். அந்தம்மா அதை வெளிச்சத்தில் பார்த்து, ஆணி ஓட்டைக்கு இரண்டு பக்கமும் விரலை வைத்து அளந்து காட்டினார். ஒரு பக்கம் ஒரு அரிசி அகலம் அதிகம். தட்டு ஒருமுறை சுற்ற ஒருமுறை ஸ்வரம் ஏறி இறங்கும், அவ்வளவுதான் உங்கள் கமகம் என்றார்.

தாளம் எப்படிப் போனாலும் அசைவு ஒரே இடைவெளியில் வந்ததை நான் பஜாரிலேயே எண்ணியிருக்கலாம். கணக்கு வாத்தியார்.

அவர் சிரித்திருந்தால் தேவலை. சிரிக்கவில்லை. தேநீர் கொடுத்தார். மூன்றையும் மறுபடி போட்டார். அப்போதுதான் எனக்கு இன்னொரு சங்கடம் வந்தது. முதல் பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை. பஜாரில் என்னை அழவைக்கப் பார்த்த அதே பாட்டு, சரியாக ஓடும்போது வெறுமையாக இருந்தது. நான் காதலித்தது ஒரு கோணல் ஓட்டையை.

ரயிலில் திரும்பும்போதே திருத்தம் எழுதிவிட்டேன். நடந்ததை ஒளிக்காமல், ரப்பர் வில்லை உட்பட எல்லாவற்றையும் எழுதினேன். ஆசிரியருக்கு அனுப்பினேன். அடுத்த இதழில் வரவில்லை. அதற்கடுத்த இதழிலும் வரவில்லை. கார்டு போட்டேன். பதில் இல்லை. விடுமுறை எடுத்துக்கொண்டு மெட்ராஸுக்கு நேரிலேயே போனேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர், வேட்டியும் அரைக்கைச் சட்டையும், ரொம்ப அன்பாகப் பேசினார். கட்டுரைக்கு எவ்வளவு பாராட்டு வந்தது தெரியுமா என்று ஒரு கட்டுக் கடிதத்தை எடுத்துக் காட்டினார்.

"சார், அது தப்பு சார். ஓட்டை கோணல்" என்றேன்.

"ஓட்டை கோணலா இருக்கலாம். கருத்து நேரா இருக்கே. அத விடுங்க. அடுத்து என்ன எழுதப்போறீங்க?"

"திருத்தம்தான் சார் அடுத்து."

"திருத்தம் போட்டா பத்திரிகையோட பேரு என்ன ஆகும்? வாசகர் மறந்துடுவாங்க. நீங்களும் மறந்துடுங்க."

நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு நான்கு கார்டு போட்டேன். ஐந்தாவது எழுதி வைத்திருந்தபோது இதழ் நின்றுபோனது என்று தகவல் வந்தது. திருத்தம் போடுவதற்கு இடமே இல்லாமல் போனது.

வாசகர்களும் மறக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு இசை விழா மலரில் யாரோ ஒரு பேராசிரியர் எழுதிய கட்டுரையைப் பார்த்தேன். ஜப்பானிய வெகுஜன இசையில் கமகத்தின் சுவடுகள் இருப்பதைப் பழவேற்காட்டைச் சேர்ந்த ஓர் ஆய்வாளர் நிறுவியிருக்கிறார் என்று இருந்தது. ஆய்வாளர் என்பது நான். அவருக்கு எழுதினேன். பதில் இல்லை. எண்பதுகளின் கடைசியில் மெட்ராஸில் ஒரு சபாவில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். தலைப்பு அதேதான். கூப்பிட்டதை விட்டுவிடக் கூடாது என்று போனேன்.

மேடையில் ஏறி உண்மையைச் சொன்னேன். பிளேயர், முள், ஓட்டை, ரப்பர், ஆணி. சபை சிரித்தது. நல்ல சிரிப்பு. நான் வேடிக்கையாக ஆரம்பிக்கிறேன், இனிமேல்தான் விஷயத்துக்கு வருவேன் என்று காத்திருந்தார்கள். விஷயம் அவ்வளவுதான் என்று சொல்லி இறங்கினேன். தலைமை தாங்கியவர் மைக்கைப் பிடித்து, அடக்கம் என்றால் இதுதான் அடக்கம், எப்பேர்ப்பட்ட கண்டுபிடிப்பைச் செய்துவிட்டு எப்படிப் பேசுகிறார் பாருங்கள் என்றார். சால்வை போர்த்தினார்கள். டிபன் ஆறிப்போகிறது என்று எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

ரிக்கார்டுகளை மறுபடி கேட்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. தகரக் கூரைக்கு அடியில் பரண்மேல் வைத்திருந்ததில் மூன்றும் அப்பளம் போல வளைந்துவிட்டன. பெரம்பூர் அம்மா குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய்விட்டார். ஆகவே அவர் வீட்டில் சரியாகக் கேட்ட இரண்டு தடவையை வைத்துத்தான், இத்தனை வருஷம் தள்ளி, இந்த விமர்சனத்தை எழுதுகிறேன். யாரும் கேட்கவில்லை. மூன்று பக்கமும் வராது.

முதல் பாட்டின் மெட்டு வயலினுக்காகச் செய்தது என்று அந்தம்மா சொன்னார். வயலினுக்கு மூச்சு வேண்டாம், பாடுகிறவளுக்கு வேண்டும். மூச்சு விட இடமில்லாத மெட்டில் அவள் அங்கங்கே வார்த்தையை அவசரமாக முடித்துக்கொண்டு காற்றை இழுக்கிறாள். அழகான மெட்டு, பொருத்தமில்லாத வேலை. இரண்டாவதில் டிரம்மும் கிடாரும் சேர்த்து மெட்டின் சோகத்தைத் துரத்திவிட்டார்கள். கால் தாளம் போடும், மனசு போடாது.

மூன்றாவதை அன்று பஜாரில் நான் சரியாகக் கவனிக்கவே இல்லை, பழைய கட்டுரையில் அதற்கு ஒன்றரை வரிதான் கொடுத்திருந்தேன். அதில் பியானோ மட்டும். அவள் கீழ் ஸ்தாயியில், பக்கத்தில் இருக்கிறவரிடம் பேசுகிற மாதிரி பாடுகிறாள். மெட்டு ஒருமுறை மேலே போய்ப் பார்த்துவிட்டு, அங்கே நிற்காமல் வந்துவிடுகிறது. ஒரு ஸ்வரமும் அசையவில்லை. எதற்கு அசைய வேண்டும் என்று கேட்பது போல இருந்தது. மூன்று ரிக்கார்டில் இது ஒன்றுதான் நல்ல ரிக்கார்டு.